ஆளுகைப் படிப்பு என்றால் என்ன? பாம்பன் கரையிலிருந்து ஒரு விளக்கம்

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தங்கச்சிமடத்தில் பள்ளி, ராமநாதபுரத்தில் கல்லூரி என்று பி.எஸ்சி. முடித்தவள். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கையில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவரக் கையேடு. "அக்கா, பொது நிர்வாகம்னு ஒரு எம்.ஏ. இருக்கே, அதைப் படிச்சா கலெக்டர் ஆகலாமா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

அந்தப் படிப்பை நான் தொலைநிலையில் முடித்தவள். இரண்டு வருடம் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி வகுப்புக்குப் போய் வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆனால் அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று அவளிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் கேட்டதற்கு நேரான பதில். கலெக்டர் ஆவதற்கு இந்த எம்.ஏ. தேவையில்லை. குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். அந்தத் தேர்வில் பொது நிர்வாகம் ஒரு விருப்பப் பாடம். இந்தப் படிப்பின் மையமான ஆளுகை பொதுப்பாடத் தாளிலும் வருகிறது. 2013 முதல் அறநெறிக்கென்று தனித் தாளும் இருக்கிறது. அதனால் படித்தது வீண்போகாது. ஆனாலும் பயிற்சி மையத்தில் நடப்பது வேறு, இந்தப் படிப்பில் நடப்பது வேறு. அங்கே ஒரு திட்டம் எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்பார்கள். இங்கே அந்தத் திட்டம் நம் ஊர் வரைக்கும் வந்ததா, வராவிட்டால் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்பார்கள்.

சரி, ஆளுகை என்றால் என்ன? அரசு என்று சொன்னால் போதாதா?

நம் கரையில் ஒரு வலையைத் தூக்கிப் பாருங்கள். மண்டபத்துக்குத் தெற்கே போட்ட வலை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நண்டு கிடக்கிறது, கொஞ்சம் இறால், ஓரத்தில் கறுப்பாக வழவழவென்று ஒரு கடல் அட்டை. நண்டும் இறாலும் மீன்வளத்துறையின் பார்வையில் வருபவை. அட்டை அப்படியல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அது வனத்துறையின் பொறுப்பு. அதைக் கடலில் திரும்ப விட்டாக வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு. வலை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் தீவு இருந்தால் அது மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றாக இருக்கும். பூங்காவை அறிவித்தது 1986-இல். அதே படகு வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் 1974-இல் இரண்டு நாடுகள் போட்ட எல்லைக்கோடு குறுக்கே வரும். அங்கிருந்து விஷயம் டெல்லியில் வெளியுறவுத்துறையின் மேசைக்குப் போய்விடும்.

அரசியலமைப்பும் மீனைப் பங்கிட்டுத்தான் வைத்திருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் மீன்வளம் 21-ஆவது இனம். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் அது மத்தியப் பட்டியலின் 57-ஆவது இனம். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பதினோராவது அட்டவணை சொல்லும் 29 பொருள்களில் ஐந்தாவதும் மீன்வளம்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் நம் ஊராட்சி மன்றத்துக்கும் ஆளுக்கொரு பிடி இருக்கிறது.

இதோடும் முடியவில்லை. விசைப்படகு உரிமையாளர் சங்கம் வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்தால் அன்றைக்கு ஒரு படகும் போகாது. அதற்கு எந்த அரசாணையும் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் ஒரு வலை வேண்டாம் என்று பேசி முடித்தால் அந்த வலை ஊருக்குள் வராது. விலையை ஏற்றுமதிக் கம்பெனி ஏஜென்ட் சொல்கிறார். இத்தனை பேரும் சேர்ந்துதான் ஒரு மீனவரின் நாளை நடத்துகிறார்கள். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பெயர் ஆளுகை. அரசு அதில் ஒரு பெரிய கை. அதைத் தவிர வேறு கைகளும் உண்டு. இந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் படிப்பின் முதல் பாதி. இவர்களை ஒரு வேலைக்காக எப்படிச் சேர்ப்பது என்பது இரண்டாவது பாதி. பாடத்திட்டத்தில் பொதுச்சேவைத் தலைமை என்று வருவது அந்த இரண்டாவது பாதிதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகத்தைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று 1887-இல் ஒரு கட்டுரை எழுதினார் உட்ரோ வில்சன். அப்போது அவர் ஆசிரியர், அமெரிக்க அதிபரானது பின்னால். நம் நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இல் பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கியது. டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் 1954-இல் வந்தது. பொதுக்கொள்கை என்ற பெயரில் முதுகலைப் படிப்புகள் பெருகியது அண்மைக் காலத்தில்தான். பொது நிர்வாகம் என்றால் அரசு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதில் அழுத்தம் இருக்கும். பொதுக்கொள்கை என்றால் அந்த இயந்திரம் எதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதில் அழுத்தம். பாதிப் பாடங்கள் இரண்டுக்கும் பொது. பெயரை வைத்து ரொம்பக் குழம்ப வேண்டாம்.

என்னென்ன பாடங்கள்? அரசியலமைப்பு, நிர்வாகக் கோட்பாடுகள், உள்ளாட்சி, பொது நிதி என்று சொல்லப்படும் வரவுசெலவுப் பாடம், கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் புள்ளியியல், கொள்கைப் பகுப்பாய்வு, திட்ட மதிப்பீடு, அறநெறி. கடைசியில் களப்பணியும் ஓர் ஆய்வேடும். பட்டியலாகப் பார்த்தால் சப்பென்று இருக்கும். எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. கோட்பாட்டுத் தாளைப் படிக்கும்போது தூக்கம் வரும். நம் கரையில் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் பாடம் உயிர்பெற்றது.

அப்படி நான் முதலில் எடுத்தது மீன்பிடித் தடைக்காலம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2001-இல் தொடங்கியபோது 45 நாட்கள்தான்; 2017 முதல் 61. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், விட்டுவைத்தால் பெருகும் என்பது காரணம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இழப்பு யாருக்கு? படகு உரிமையாளருக்கு, படகில் போகும் கூலி மீனவருக்கு. சரி, அப்புறம்? ஐஸ் உடைப்பவர், மீன் பெட்டி தூக்குபவர், கருவாடு போடும் பெண்கள், துறைமுக வாசலில் இட்லி விற்கும் அம்மா. மீனவர் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். 8,000-ஐ 61-ஆல் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். மீனவர் பட்டியலில் பெயர் இல்லாத ஐஸ் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஒரு கொள்கை வரும்போது அதன் சுமை எந்தெந்த வீட்டு வாசலில் இறங்குகிறது என்று கணக்குப் போடும் பழக்கத்தை எனக்கு இந்தப் படிப்புதான் கொடுத்தது. அதற்கு முன் நானும் 'நிவாரணம் பத்தாது' என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவள்தான்.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். தடையால் பலன் இருக்கிறதா? தடை முடிந்து முதல் முறை போய்வரும் படகுகளில் இறாலும் கணவாயும் நண்டும் நிறைய வரும். "பாத்தீங்களா, தடை வேலை செஞ்சிருக்கு" என்பார்கள். ஆனால் இரண்டு மாதம் யாரும் பிடிக்காமல் விட்டால் எப்படியும் கொஞ்சம் சேர்ந்துதான் இருக்கும். அது பெருகியதா, சேர்ந்துகிடந்ததா? இதைப் பிரித்தறியத் தடை இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். முதல் நாள் பிடிபாட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு படகு ஒரு நாள் வலை இழுத்தால் எத்தனை கிலோ என்று பல ஆண்டுகளுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பிடிபடும் மீனின் நீளம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கான தரவு எடுக்கும் வேலையை 1947-இல் தொடங்கிய, மண்டபத்திலும் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை செய்கின்றன. அந்தத் தரவைப் படித்து, கேள்வி கேட்கும் அளவுக்குப் புள்ளியியல் தெரிந்தவர் நம் கரையிலிருந்தும் வர வேண்டும் என்பது என் ஆசை. திட்ட மதிப்பீடு என்ற தாள் அதற்குத்தான்.

தலைமை என்ற பாடத்துக்கு வருகிறேன். நான் அதிகம் யோசித்தது இதில்தான்.

தலைமை என்றால் மேடையில் பேசுவது, கட்டளையிடுவது என்று நினைத்துத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே வேறு ஒன்றைச் சொன்னார்கள். பிரச்சினைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விடை தெரிந்த பிரச்சினை. பணமும் ஆளும் கருவியும் கொடுத்தால் தீரும். கரையை அலை அரிக்காமல் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு உடைந்தால் அதைத் திரும்பக் கட்டுவது அப்படிப்பட்டது. இன்னொன்று, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை முறையில் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டால்தான் தீரும் பிரச்சினை. அதற்குப் பொறியாளர் போதாது. இரண்டாவது வகைப் பிரச்சினையை முதல் வகை என்று நினைத்து அணுகுவதுதான் நிர்வாகம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு என்று அந்தப் பாடம் சொல்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆழ்கடல் படகுத் திட்டம்.

2017-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கியது. பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகள் (கடலடியை வாரி வலை இழுக்கும் படகுகள்) அதிகம், கடல் சின்னது, எல்லை பக்கத்தில். ஆகவே இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இலக்கு 2,000 படகுகள். ஒரு படகின் விலை 80 லட்சம் என்று கணக்கு வைத்தார்கள். அதில் பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் கொடுக்கும். இன்னொரு 20 சதவீதம் வங்கிக் கடன். மீனவர் கையிலிருந்து 10 சதவீதம்.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. 56 லட்சத்தை அரசே தருகிறது. ஆனால் வந்து சேர்ந்த படகுகள் இலக்கில் மிகச் சிறு பங்குதான். ஏன்?

நம்மூர் விசைப்படகுக்காரர் இன்று காலை போய் நாளைக் காலை திரும்புகிறவர். பிள்ளையின் காய்ச்சலை மறுநாளே வந்து பார்க்கிறவர். ஆழ்கடல் படகு என்றால் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். இழுவைமடி தெரிந்த கைக்கு ஆயிரங்கால் தூண்டில், அதாவது நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிப் பிடிப்பது, புதுத் தொழில். அந்தத் தொழில் தெரிந்த ஆள் நம் கரையில் குறைவு. 8 லட்சம் கையிலிருந்து போட்டு, 16 லட்சம் கடன் வாங்கி, தெரியாத தொழிலில் இறங்க வேண்டும். படகு நிற்க ஆழமான துறைமுகமும், பிடித்த சூரையை அதே தரத்தில் வைத்திருக்கும் குளிர்வசதியும் வேண்டும். பழைய படகில் பரம்பரையாகப் பங்கு வாங்கிக்கொண்டிருந்த கூலியாட்கள் எங்கே போவார்கள்? 80 லட்சத்தை யார் யார் எவ்வளவு கொடுப்பது என்பது விடை தெரிந்த பிரச்சினை, அதை அழகாகத் தீர்த்துவிட்டார்கள். ஒரு ஊர் தன் தொழிலை மாற்றிக்கொள்வது என்பது மற்றொரு பிரச்சினை. அதற்குத் தேவைப்பட்டது உட்கார்ந்து பேசும் ஆட்கள், ஒரு தடவை தோற்றாலும் தாங்கும் ஏற்பாடு, முதலில் போகத் துணிந்த ஐந்தாறு பேரோடு நின்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றும் பொறுமை. பாடத்தில் தலைமை என்று சொல்வது இந்தப் பொறுமையைத்தான். இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டால், ஓரளவு முடியும் என்றுதான் சொல்வேன். யாருக்கு என்ன இழப்பு என்று முதலிலேயே எழுதிப் பார்க்கும் பழக்கத்தையாவது கற்றுக்கொடுக்கலாம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று பாம்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் சின்னம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு முங்குவார். துணி சுற்றாவிட்டால் பாறை விரலை அறுத்துவிடும். சுற்றியும் அறுக்கும், சின்னம்மாவின் ஆள்காட்டி விரலில் ரேகையே கிடையாது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்.

இந்தப் பெண்கள் பல வருடங்களுக்கு முன்பே தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும்தான் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டி வைத்துச் சுரண்டாமல் கையால் மட்டும் பிடுங்குவது. வேரோடு போனால் அடுத்த முறை முளைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். இதை எந்த அரசாணையும் சொல்லித் தரவில்லை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் விருது கிடைத்ததே, அது இந்தப் பெண்களின் சார்பில் அவர் நின்றதற்காகத்தான்.

வகுப்பில் பொதுவளம் என்று ஒரு பாடம் வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத வளத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அதை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், அப்படியில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துப் பல இடங்களில் காப்பாற்றிவருகிறார்கள் என்று உலகம் முழுக்க உதாரணம் சேர்த்துக் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். எந்த நிலைமைகளில் இந்த ஊர்விதிகள் நிலைக்கும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே வகுக்க வேண்டும், மீறுகிறவரைக் கண்காணிப்பவர் தங்களில் ஒருவராக இருக்க வேண்டும், தண்டனை சின்னதில் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும், மேலே இருக்கும் அரசு அந்த உரிமையை மதிக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தைப் படித்த அன்று இரவே சின்னம்மா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசி நிபந்தனை ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "எல்லாம் சரிதான், நாங்க தீவுப் பக்கம் போனா பிடிக்கிறாங்களே" என்றார். தேசியப் பூங்காவின் விதியும் இவர்களின் விதியும் ஒரே பாசியின்மேல் நிற்கின்றன. அவருடைய அந்த ஒரு வரியிலிருந்துதான் என் ஆய்வேட்டின் தலைப்பு கிடைத்தது.

இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும், அது எங்கள் வீட்டில் நடந்ததால்.

ஒரு வருடம் அப்பாவுக்குத் தடைக்கால நிவாரணம் வரவில்லை. ஆதார் அட்டையில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால். அவ்வளவுதான். அம்மா ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். ஒவ்வொரு முறையும் வங்கிக்குப் போகச் சொன்னார்கள், வங்கியில் இங்கே போகச் சொன்னார்கள். நான்காவது முறை அதே சன்னலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பத்து நாளில் பணம் வந்தது. சட்டம் மாறவில்லை, அரசாணை மாறவில்லை, சன்னலில் இருந்த ஆள்தான் மாறினார்.

நிர்வாகப் படிப்பில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கொள்கையைத் தலைமைச் செயலகம் எழுதுகிறது, ஆனால் மக்களுக்குக் கொள்கை என்பது சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். கிராம நிர்வாக அலுவலர், மீன்வள ஆய்வாளர், அங்கன்வாடிப் பணியாளர், காவலர் ஆகிய எல்லோருக்கும் விதிக்குள்ளேயே கொஞ்சம் சொந்த முடிவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், ஏன் சிலர் கதவை மூடுகிறார்கள், வேலைப்பளு எவ்வளவு, தவறினால் தண்டனை யாருக்கு என்றெல்லாம் ஆராய்கிறார்கள். மூன்று முறை திருப்பி அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. படித்த பிறகு, அந்தச் சன்னலில் அப்படி முடிவெடுக்க ஒருவரைப் பயப்பட வைப்பது எது என்ற கேள்வியும் கூடவே வந்தது. குரூப் 4 எழுதப்போகும் பெண்ணுக்கு நான் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். அவள் தேறினால் உட்காரப்போவது அந்தச் சன்னலில்தான்.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் நிதி ஆயோக் நாடு முழுவதும் வளர்ச்சியை முடுக்கிவிட வேண்டிய மாவட்டங்கள் என்று 112-ஐத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டு போயின. ஒன்று விருதுநகர், மற்றது நம் ராமநாதபுரம். உடல்நலம், கல்வி, விவசாயமும் நீரும், நிதிச்சேவையும் திறன்பயிற்சியும், அடிப்படை வசதி என்ற துறைகளில் 49 குறியீடுகளை வைத்து மாதாமாதம் அளக்கிறார்கள். அளப்பது நல்லது. ஆனால் எதை அளக்கிறோமோ அதன் பக்கமே அலுவலகம் சாயும், அளக்காதது கண்ணிலிருந்து விலகும். அந்தத் துறைப் பட்டியலில் கடல் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 

எங்கே படிக்கலாம்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொது நிர்வாகமும் சேர்ந்த துறை இருக்கிறது. நமக்குப் பக்கம் என்றால் திண்டுக்கல் அருகே காந்திகிராமம். கிராமத்தையும் ஊராட்சியையும் மையமாக வைத்துப் படிக்க நல்ல இடம். வேலை பார்த்துக்கொண்டோ குடும்பத்தைப் பார்த்துக்கொண்டோ படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. நடத்துகின்றன. பொதுக்கொள்கை என்றால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் 2014 முதல் முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. கீழக்கரை, தொண்டிப் பக்கம் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி இந்தத் துறையில் பெயர்பெற்றது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்கள் இரண்டு வருடம் அரசுத் துறைகளோடு வேலை செய்துகொண்டே திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் வழியாகப் பொதுக்கொள்கையில் முதுநிலைச் சான்றிதழும் பெறுகிறார்கள். வேலையில் இருக்கும் அதிகாரிகள் பணிநடுவில் படிக்கும் படிப்புகள் தனி. முன்னே சொன்ன டெல்லி இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் பல வருடங்களாக அதை நடத்துகிறது.

எந்தப் பட்டம் படித்தவரும் பொதுவாகச் சேரலாம். பி.எஸ்சி. விலங்கியல், பி.காம்., பொறியியல் எதுவானாலும் சரி. விலங்கியல் படித்தவருக்கு நம் கரையில் கூடுதல் பலம் என்றே சொல்வேன். தொலைநிலையில் சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று. இடையில் ஆள் வைத்துச் சேர்த்துவிடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

வேலை? நேரடியாக இந்தப் பட்டத்துக்கென்று ஒதுக்கிய அரசு வேலை குறைவு. இதை மறைத்துச் சொல்வது அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் செய்யும் துரோகம். தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், அரசுத் திட்டங்களின் மேலாண்மைப் பிரிவுகள், ஆலோசனை நிறுவனங்கள், பத்திரிகை ஆகியவற்றில் இடம் உண்டு. அரசு வேலைக்குத் தேர்வு தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். இன்னொரு வழியைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை: உள்ளாட்சித் தேர்தல். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஊராட்சித் தலைவியாக நிற்கும் பெண்ணுக்கு வரவுசெலவு படிக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கூட்டமே வேறு மாதிரி நடக்கும்.

சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், காசில்லாமல் ருசி பார்க்க வழி இருக்கிறது. கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றுக்குப் போய் வரவுசெலவு அறிக்கையை வாசிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போய், எந்தக் கேள்விக்கு எந்தத் துறை எழுந்து பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்கு யாருமே எழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். புரியாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 2005-இல் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இல் இப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. இதெல்லாம் சலிப்பாக இருந்தால் படிப்பும் சலிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தும் அந்தக் கூட்டத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் விண்ணப்பத்தை வாங்குங்கள்.

அவளிடமும் இதையே சொல்லி, ஒரு வாரம் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பார்த்து வா, கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு வா, பதில் வேண்டாம் என்று அனுப்பினேன். போன ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தாள். நாற்பது பக்க நோட்டில் நான்கு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். முதல் கேள்வி: கடலுக்குப் போக டோக்கன் வாங்கும்போது படகில் எத்தனை பேர் என்று எழுதுகிறார்கள், ஆனால் அதில் எத்தனை உயிர்காப்புச் சட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியது யார்? எனக்கும் பதில் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவை இப்போது இரண்டு பேருமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.